படிவத்தில் ஓர் எழுத்துப் பிழைத்தால்…

வியாபாரத்தில் ஒரு சதம் பிழைத்தாலும் இரவு கடையை மூடுவதற்கு முன் கண்டுபிடித்துவிடுகிறோம். ஆனால் நம்முடைய பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் ஆகியவை அரசாங்கப் படிவமொன்றில் பிழையாக எழுதப்பட்டிருந்தால் பத்து வருடம் கழிந்தாலும் அது நமக்குத் தெரிவதில்லை. யாராவது நோயில் விழுந்து, சிகிச்சைச் செலவைக் கேட்டு விண்ணப்பிக்கும் நாளில்தான் அது தெரியவருகிறது. பணம் மிக அவசரமாகத் தேவைப்படும் அந்த நேரத்தில், "நீங்களும் இந்தப் படிவத்தில் உள்ளவரும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்ற கேள்வி வந்து நிற்கிறது.

கண்டியிலும் பேராதனையிலும் உள்ள அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்பது உண்மையே. ஆயினும் வெளியே செய்யும் பரிசோதனை, வெளியே வாங்கும் மருந்து, காத்திருக்க முடியாமல் தனியார் வைத்தியசாலையில் செய்யும் சத்திரசிகிச்சை ஆகியவற்றுக்குச் செலவாகும் தொகை ஒரு சாதாரண குடும்பத்தைக் கடனாளியாக்கப் போதுமானது. அந்தச் செலவில் ஒரு பகுதியைத் தாங்குவதற்கென்றே அரசாங்கத்தின் கீழ் சில திட்டங்கள் உள்ளன. அவற்றின் பயன் நம் கைக்கு வந்து சேர்வதற்கு, நோயின் கடுமையோடு படிவத்தின் சுத்தமும் முக்கியம். படிவப் பிழைகள் எங்கே ஏற்படுகின்றன, அவற்றை எந்த ஒழுங்கில் திருத்த வேண்டும் என்பதே இவ்வாரப் பாடம்.

எந்தத் திட்டங்கள்?

முதலாவது, அரச ஊழியர்களுக்கான அக்ரஹார காப்புறுதி. ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள் போன்றோரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஒரு தொகை கழிக்கப்படுகிறது. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் இதனை நடத்துகிறது.

இரண்டாவது, தனியார் துறையில் வேலை செய்வோருக்கான ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம். ஈ.ரி.எப். என்றால் எல்லோருக்கும் தெரியும். இது 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி உருவாகி 1981 மார்ச் முதல் இயங்கி வருகிறது. ஊழியரின் மாதச் சம்பாத்தியத்தில் 3 சதவீதத்தை முதலாளி தன் பணத்திலிருந்து கட்ட வேண்டும். ஊழியரின் சம்பளத்தில் அதைக் கழிக்க முடியாது. மாதம் 40,000 ரூபா சம்பாதிப்பவருக்கு 1,200 ரூபா. வேலையை விட்டபின் எடுக்கும் பணம் மாத்திரமே ஈ.ரி.எப். என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்ணில் வில்லை பொருத்துதல், வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறுதல் ஆகியவற்றுக்கான உதவிகளையும், மரணம், நிரந்தர அங்கவீனம் ஆகியவற்றுக்கான கொடுப்பனவுகளையும் இந்த நிதியம் வழங்கி வந்திருக்கிறது. இவற்றின் இன்றைய வரம்புகளையும் நிபந்தனைகளையும் விண்ணப்பிக்குமுன் நிதியத்தின் அலுவலகத்தில் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

மூன்றாவது, பாடசாலைப் பிள்ளைகளுக்கென 2017இல் அறிமுகமான சுரக்ஷா காப்புறுதி. உங்கள் பிள்ளைக்கு இப்போது என்ன பயன் உண்டு என்பதைப் பாடசாலை அதிபரிடம் விசாரித்துக் கொள்ளலாம்.

இம்மூன்றும் வெவ்வேறு திட்டங்கள். எனினும் மூன்றிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: பதிவில் உள்ளவரும் நோயாளியும் ஒருவரா?

நம் பெயர்கள் ஏன் அடிக்கடி பிழைக்கின்றன?

பெயரில் முஹம்மத் என்ற சொல் உள்ள ஒருவரை எடுத்துக் கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் பதிவாளர் சிங்களத்தில் "மொஹொமட்" என்று எழுதியிருப்பார். பாடசாலையில் தமிழில் "முகம்மது". அடையாள அட்டையில் "முஹம்மத்". வங்கிப் புத்தகத்திலோ ஆங்கிலத்தில் "எம்" என்ற முதலெழுத்து மாத்திரம். ஆங்கிலத்தில் முழுதாக எழுதும்போதும் நடுவில் ஓர் "எம்" எழுதுவதா, இரண்டு எழுதுவதா. "ஓ" வா, "யூ" வா. கடைசிக்கு முன் "ஏ" யா, "ஈ" யா என்று நாலைந்து விதம். ஃபாத்திமா என்ற பெயருக்கு "எச்" சில இடத்தில் உண்டு, சில இடத்தில் இல்லை. றிஸ்வி, றிஸான் போன்ற பெயர்களில் ஒருவர் "எஸ்" போடுவார், இன்னொருவர் "இஸட்" போடுவார். நமக்கு இவையெல்லாம் ஒரே பெயர். கணினிக்கு இவை வெவ்வேறு ஆட்கள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. நமது பிறப்புச் சான்றிதழ்கள் பெரும்பாலும் சிங்களத்திலோ தமிழிலோ இருக்கின்றன. ஆங்கில எழுத்துக்கூட்டல் பின்னர் மொழிபெயர்ப்பவரின் கையில் வருகிறது. ஒரே சான்றிதழை இரண்டு மொழிபெயர்ப்பாளர்களிடம் கொடுத்தால் இரண்டு விதமான பெயர் கிடைப்பது அதிசயமல்ல.

தகப்பனின் பெயர் முன்னால் வருவதும் இன்னொரு சிக்கல். சிலர் தகப்பனின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்குவார்கள். சிலர் முழுதாக எழுதுவார்கள். லெப்பை, மரிக்கார் போன்ற குடும்பப் பெயர்கள் தகப்பனின் பதிவில் இருந்து மகனின் பதிவில் விடுபட்டிருக்கும். கண்டிப் பக்கத்தில் "கெதர" என முடியும் வாசகமப் பெயருள்ள குடும்பங்களும் உள்ளன. பிறப்புச் சான்றிதழில் அந்த நீண்ட பெயர் இருக்கும். அன்றாட வாழ்வில் யாரும் அதை எழுதுவதில்லை. இவ்வாறு விடுபட்ட ஒரு சொல்தான் பின்னர் கோரிக்கையைத் தடுத்து நிறுத்துகிறது.

ஆகவே ஒரு விதியை வீட்டில் ஏற்படுத்திக் கொள்ளுங்கள். அரசாங்கப் படிவம் எதுவாயினும் தேசிய அடையாள அட்டையில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் பெயரை எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள், அட்டையை முன்னால் வைத்துப் பார்த்து எழுதுங்கள்.

அடையாள அட்டை இலக்கத்தை நீங்களே பரிசோதிக்கலாம்

பெயரில் ஒரு பிழை இருந்தால் கண்ணில் படும். இலக்கத்தில் உள்ள பிழை படுவதில்லை. ஆனால் அடையாள அட்டை இலக்கத்தினுள்ளேயே உங்கள் பிறந்த திகதி மறைந்திருக்கிறது. அதைக் கொண்டு கடையிலுள்ள ஒவ்வோர் ஊழியரின் இலக்கத்தையும் முதலாளியே சரிபார்க்கலாம்.

பழைய இலக்கத்தில் 9 எண்களும் கடைசியில் "வீ" அல்லது "எக்ஸ்" என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு எண்கள். அடுத்த மூன்று எண்கள் அந்த வருடத்தில் பிறந்த நாள் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும். பெண்களாயின் அந்த எண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரி மாதத்துக்கு எந்த வருடமானாலும் 29 நாள் என்றே கணக்கு.

உதாரணமாக, 1978 மார்ச் 12இல் பிறந்த ஆண் ஒருவரை எடுப்போம். ஜனவரி 31, பெப்ரவரி 29, மார்ச் 12, மொத்தம் 72. அவரது இலக்கம் 78072 என்று ஆரம்பிக்க வேண்டும். அதே நாளில் பிறந்த பெண்ணின் இலக்கம் 78572 என்று ஆரம்பிக்கும்.

கணக்கை இலகுவாக்க, ஒவ்வொரு மாதத்துக்கும் முன் கழிந்த நாட்களைக் கீழே தருகிறோம். இத்துடன் பிறந்த திகதியைக் கூட்டினால் போதும். வெட்டி வைத்துக் கொள்ளலாம்.

ஜனவரி 0
பெப்ரவரி 31
மார்ச் 60
ஏப்ரல் 91
மே 121
ஜூன் 152
ஜூலை 182
ஆகஸ்ட் 213
செப்டெம்பர் 244
ஒக்டோபர் 274
நவம்பர் 305
டிசம்பர் 335

2016ஆம் ஆண்டு முதல் 12 எண்கள் கொண்ட புதிய இலக்கம் வழங்கப்படுகிறது. இதில் வருடம் நான்கு எண்களாக எழுதப்படும்; கடைசியில் ஆங்கில எழுத்து இல்லை. பழைய இலக்கத்தைப் புதிய வடிவில் எழுதும்போது முன்னால் 19 சேர்க்க வேண்டும். நாளைக் குறிக்கும் மூன்று எண்களுக்குப் பின் ஒரு பூச்சியம் சேர்க்க வேண்டும். கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். அதாவது மேலே சொன்னவரின் இலக்கம் 19780720 என்று ஆரம்பித்து, பழைய இலக்கத்தின் கடைசி நான்கு எண்களுடன் முடியும். நடுவில் வரும் அந்தப் பூச்சியத்தை மறப்பது அடிக்கடி நடக்கும் பிழை. எண்ணிப் பாருங்கள், 12 இருக்க வேண்டும்.

இலக்கமும் பிறந்த திகதியும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லையாயின் இரண்டில் ஒன்று பிழை. எது பிழை என்பதைக் கண்டுபிடிக்காமல் படிவத்தைக் கொடுக்க வேண்டாம்.

குடும்ப விபரத்தில் வரும் பிழைகள்

நமது பெண்கள் பொதுவாகத் திருமணத்தின் பின் பெயரை மாற்றுவதில்லை. தகப்பனின் பெயரே தொடர்கிறது. ஆனால் வைத்தியசாலையில் அனுமதிக்கும்போது, அவசரத்தில், கணவனின் பெயருக்கு முன்னால் "திருமதி" என்று போட்டு எழுதிவிடுகிறார்கள். காப்புறுதிப் படிவத்தில் மனைவியின் சொந்தப் பெயர். வைத்தியசாலைத் துண்டில் கணவனின் பெயர். இரண்டும் பொருந்துவதில்லை. சில வீடுகளில் செல்லப் பெயரையே சொல்லிவிடுவதும் உண்டு. "தாத்தா", "ராத்தா" என்று கூப்பிட்டுப் பழகிய மைனிக்கு முழுப் பெயர் என்னவென்று கூடச் சென்றவருக்கே தெரியாமல் போகிறது.

விவாகப் பதிவும் இங்கு முக்கியம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, பதிவு செய்யவில்லை என்ற காரணத்தால் மாத்திரம் ஒரு விவாகம் செல்லுபடியற்றதாகிவிடாது. இதை வைத்துக்கொண்டு "நிக்காஹ் முடிந்தால் போதும்" என்று பதிவை விட்டுவிட்டவர்கள் உள்ளனர். விவாகம் செல்லுபடியாவது ஒரு விடயம். அதை அலுவலகத்தில் நிரூபிப்பது வேறொரு விடயம். விவாகச் சான்றிதழ் இல்லாவிட்டால், மனைவி என்ற உரிமையில் ஒரு பயனைக் கேட்கும்போது கையில் காட்ட ஒன்றும் இருக்காது. பதியாதவர்கள் உங்கள் பிரிவின் முஸ்லிம் விவாகப் பதிவாளரைச் சந்தித்து ஆலோசனை பெற வேண்டும்.

பிள்ளைகளின் விடயத்தில் பாடசாலை அனுமதிப் பதிவேடும் பிறப்புச் சான்றிதழும் ஒத்திருக்க வேண்டும். பிள்ளை பிறந்து 3 மாதத்துக்குள் பதிவு செய்யும்போதே, பதிவாளரிடம் பெயரை ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்லி வந்துவிட வேண்டாம். பதிவாளர் எழுதியதை வாங்கி வாசித்த பின்பே கையொப்பமிடுங்கள். சிங்களம் வாசிக்கத் தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லலாம். அந்த ஐந்து நிமிடம் பிள்ளையின் வாழ்நாள் முழுவதற்குமான காப்புறுதி.

திருத்தும் ஒழுங்கு

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத் திருத்தும் வழி மாறும்.

1. படிவம் இன்னும் உங்கள் கையில் இருந்தால்: வெள்ளை மையால் அழிக்க வேண்டாம். டிப்பெக்ஸ் பூசிய இடத்தின் அடியில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அது சந்தேகத்தை உண்டாக்கும். பிழையான சொல்லை ஒரே கோட்டால் வெட்டி, அது வாசிக்கக்கூடியதாகவே இருக்க, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையொப்பமும் திகதியும் இடுங்கள். முதலாளி நிரப்பும் பகுதியாயின் முதலாளியே கையொப்பமிட்டு முத்திரை குத்த வேண்டும். பெயரிலோ இலக்கத்திலோ பிழை என்றால் புதிய படிவம் எடுத்து மீண்டும் எழுதுவதே சிறந்தது.

2. படிவத்தைக் கொடுத்துவிட்டால்: இன்னொரு படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டாம். ஒருவருக்கு இரண்டு பதிவுகள் ஏற்பட்டு, பாதிப் பணம் ஒன்றிலும் பாதி மற்றதிலுமாகத் தேங்கிவிடலாம். முதல் பதிவைக் குறிப்பிட்டு எழுத்தில் திருத்தம் கேளுங்கள். அரச ஊழியர் தமது நிறுவனத் தலைவர் ஊடாகவும், தனியார் ஊழியர் முதலாளி ஊடாகவும் கேட்பதே முறை. ஏனெனில் பதிவைச் செய்து கொடுத்தவர்கள் அவர்களே.

3. பிழை மூல ஆவணத்தில் இருந்தால்: பலரும் தடுமாறும் இடம் இதுதான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் இருக்கும்போது, காப்புறுதிப் படிவத்தை மாத்திரம் திருத்துவதில் பயனில்லை. கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது போன்றது அது. மேலிருந்து கீழாகவே வர வேண்டும். முதலில் பிறப்புச் சான்றிதழ். இதற்குப் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் செல்ல வேண்டும். அடுத்தது அடையாள அட்டை; இதற்குக் கிராம சேவகர் ஊடாக ஆட்களைப் பதிவு செய்யும் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதன் பின்னர் சேமலாப நிதி, நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் அல்லது அக்ரஹார பதிவு. கடைசியாக வங்கிக் கணக்கு. இந்த ஒழுங்கை மாற்றிச் செய்தால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரிடும்.

அடையாள அட்டை சரியாக இருந்து, நிதியப் பதிவில் மாத்திரம் பிழையென்றால் மேலே ஏறத் தேவையில்லை. மூன்றாம் படியிலிருந்தே தொடங்கலாம்.

திருத்தக் கடிதம் எப்படி எழுதுவது?

நீண்ட கதை எழுத வேண்டாம். அதிகாரிக்குத் தேவை நான்கு விடயங்கள்: யார், எந்தப் பதிவு, என்ன பிழை, என்ன சரி. மாதிரி ஒன்று:

"ஐயா / அம்மணி,
உறுப்பினர் பதிவில் பெயர்த் திருத்தம்
உறுப்பினர் இலக்கம்: ……
தேசிய அடையாள அட்டை இலக்கம்: ……
தொழில் தருநர் பதிவிலக்கம்: ……
மேற்படி பதிவில் எனது பெயர் '……' என்று இடம்பெற்றுள்ளது. எனது தேசிய அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் உள்ளபடி சரியான பெயர் '……' ஆகும். பதிவைத் திருத்தி, திருத்தப்பட்டதை எழுத்து மூலம் எனக்கு அறியத் தருமாறு கேட்டுக் கொள்கிறேன். அடையாள அட்டையினதும் பிறப்புச் சான்றிதழினதும் அத்தாட்சிப்படுத்திய பிரதிகள், தொழில் தருநரின் கடிதம் ஆகியன இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன."

கடைசி வேண்டுகோளைக் கவனியுங்கள். "திருத்தப்பட்டதை எழுத்து மூலம் அறியத் தரவும்" என்பதே இக்கடிதத்தின் உயிர். திருத்தம் கேட்டதற்கான அத்தாட்சி வேறு, திருத்தப்பட்டதற்கான அத்தாட்சி வேறு. பலரிடம் முன்னையது மாத்திரமே இருக்கிறது.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைக் கடிதப் பிரதியுடன் சேர்த்து வையுங்கள். கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை பெற்றுக் கொள்ளுங்கள். மூலப் பத்திரங்களை ஒருபோதும் தபாலில் அனுப்ப வேண்டாம்.

கண்டி மாவட்டத்தில் அலுவலகங்களின் நிர்வாக மொழி சிங்களமாக இருந்தாலும், அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியிலுள்ள படிவத்தில் யாரோ நிரப்பியதற்குக் கீழே கையொப்பமிடுவதே எத்தனையோ பிழைகளின் பிறப்பிடம். தமிழ்ப் படிவம் கேளுங்கள். இல்லாவிட்டால், நிரப்பியவரைக் கொண்டே வரிக்கு வரி வாசித்துக் காட்டச் செய்யுங்கள்.

சத்தியக் கடதாசி எதற்கு உதவும்?

"ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தால் எல்லாம் சரி" என்ற எண்ணம் ஊரில் பரவலாக உள்ளது. சமாதான நீதவான் முன் செய்யும் சத்தியக் கடதாசி, "இந்தப் பெயரும் அந்தப் பெயரும் என்னையே குறிக்கும்" என்று நீங்கள் சத்தியம் செய்து சொல்வது. அது இரண்டு ஆவணங்களுக்கு இடையே போட்ட பாலம் போன்றது. சிறிய எழுத்து வித்தியாசத்துக்கு அந்தப் பாலம் பல இடங்களில் போதும். ஆனால் அது எந்த ஆவணத்தையும் திருத்துவதில்லை. பிறந்த வருடம் வேறு, தகப்பன் பெயர் முற்றிலும் வேறு என்றால் பாலம் பாரம் தாங்காது. மூல ஆவணத்தைத்தான் திருத்த வேண்டும். பொய்யான சத்தியக் கடதாசி தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிழை வேறு, பொய் வேறு

காப்புறுதி என்பது இரு தரப்பும் உண்மையை மறைக்காமல் பேசும் ஒப்பந்தம். எழுத்துப் பிழையைத் திருத்துவதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. ஆனால் திருத்தம் என்ற பெயரில் வைத்தியசாலைத் துண்டின் திகதியை மாற்றுவது, ஏற்கனவே உள்ள நோயை மறைப்பது, தம்பியின் சிகிச்சையைத் தன் பெயரில் எழுதுவது ஆகியவை மோசடி. அதனால் நியாயமான பகுதியும் சேர்ந்து நிராகரிக்கப்படும்.

வைத்தியசாலைத் துண்டில் பிழை இருந்தால் அதில் நீங்கள் பேனை வைக்கக்கூடாது. வெளியேறும் நாளிலேயே "டயக்னோசிஸ் கார்ட்"டை வாங்கி, பெயர், வயது, அனுமதித்த திகதி, வெளியேறிய திகதி ஆகிய நான்கையும் வாசியுங்கள். பிழையென்றால் அந்த வார்டிலேயே சொல்லித் திருத்திக் கையொப்பமும் முத்திரையும் பெறுவது இலகு. ஒரு மாதம் கழித்துச் சென்றால் பழைய பதிவுகளைத் தேட வேண்டிவரும். பார்மசியில் மருந்து வாங்கும்போதும் பில்லில் நோயாளியின் பெயரை எழுதிக் கேளுங்கள்.

அமெரிக்காவிலும் இதே கதை

இது நமது நாட்டு அலுவலகங்களின் குறை மாத்திரமல்ல. அமெரிக்காவில் 2013 ஒக்டோபரில், அரசாங்கத்தின் இணையத்தளம் ஊடாகச் சுகாதாரக் காப்புறுதிக்கு விண்ணப்பிக்கும் முறை ஆரம்பமானது. கணினி தவறான கட்டணம் விதித்தது, தவறான திட்டத்தில் சேர்த்தது என்று ஏறத்தாழ 22,000 பேர் மேன்முறையீடு செய்திருந்தார்கள். அவை கவனிக்கப்படாமல் தேங்கிக் கிடப்பதாக 2014 பெப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை எழுதியது. விண்ணப்பத்தைப் பெற கணினி தயாராக இருந்தது; திருத்தத்தைப் பெறும் வழி தயாராக இருக்கவில்லை. கணினி வந்துவிட்டது, இனிப் பிழை வராது என்று நம்பியிருப்பவர்களுக்கு இது ஒரு படிப்பினை.

நம் நாட்டில், கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் இன்னொரு வழியும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் "இன்ன திகதியில் நான் அனுப்பிய திருத்தக் கடிதத்தின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?" என்று எழுத்தில் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் தெரிவிக்க வேண்டும். சண்டையில்லை, சிபாரிசில்லை, ஒரு கடிதம் போதும். பதிவுத் தபால் துண்டைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்காகத்தான்.

முதலாளிமார் கவனத்துக்கு

கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, கம்பளைப் பகுதிகளிலும் நம்மவரின் கடைகள் பல, ஐந்து பத்து ஊழியர்களுடன் இயங்குபவை. சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 சதவீதமும் ஒழுங்காகக் கட்டும் முதலாளிகள் இருக்கிறார்கள். ஆனால் பணத்தைக் கட்டுபவர் எந்தப் பெயருக்கு, எந்த இலக்கத்துக்குக் கட்டுகிறோம் என்று பார்க்காவிட்டால் அந்தப் பணம் உரியவரைச் சென்றடைவதில்லை. மாதம் 1,200 ரூபா வீதம் பத்து வருடத்தில் 144,000 ரூபா. கடை முதலாளி கொடுத்துவிட்டார், ஊழியருக்கோ கிடைக்கவில்லை. நடுவில் ஓர் எழுத்து நிற்கிறது.

ஊழியரின் பெயரும் இலக்கமும் நம் கையில் உள்ள அமானிதம். "கணக்காளர் பார்த்துக் கொள்வார்" என்று அதை விட்டுவிட முடியாது. கூப்பிடும் பெயரை வைத்துப் படிவம் நிரப்பும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே அடையாள அட்டையின் பிரதியை வாங்கி, அதைப் பார்த்தே படிவத்தை நிரப்புங்கள். ஊழியரிடம் வாசிக்கக் கொடுத்துக் கையொப்பம் பெறுங்கள்; ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள். கடை கைமாறினாலும், மூடப்பட்டாலும் அந்தப் பிரதி அவர் கையில் இருக்கும். மூடிப்போன கடையின் முதலாளியைத் தேடி அலைந்து திருத்தக் கடிதம் வாங்குவதைவிடக் கஷ்டமான வேலை வேறில்லை.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

2. மேலே தந்த கணக்கின்படி அடையாள அட்டை இலக்கத்தைப் பிறந்த திகதியுடன் சரிபாருங்கள்.

3. உங்கள் நிதியப் பதிவில் அல்லது அக்ரஹார பதிவில் எந்தப் பெயர் இருக்கிறது என்று அலுவலகத்தில் அல்லது முதலாளியிடம் கேளுங்கள். மனைவி, பிள்ளைகளின் விபரம் சேர்க்கப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள்.

4. வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரையும் ஒப்பிடுங்கள். எல்லாம் சரியாகி, கடைசியில் காசு மாறுமிடத்தில் தடைப்படக் கூடாது.

5. பிழை கண்டால் இன்றே கடிதம் எழுதுங்கள். பிரதியையும் தபால் துண்டையும் ஒரு பைலில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

கடைசி விடயத்தை இலேசாக எண்ண வேண்டாம். நோயில் கட்டிலில் படுத்திருப்பவர் தாமே எழுந்து வந்து பைலைத் தேட முடியாது. அந்த நேரத்தில் மனைவியோ, பிள்ளையோ, கடையில் கூட வேலை செய்பவரோதான் அலுவலகத்துக்கு ஓட வேண்டும். அவர்கள் ஒரே நடையில் வேலையை முடித்துக்கொண்டு நோயாளியின் பக்கத்தில் வந்து உட்காரக்கூடியதாக, சுகமாயிருக்கும் இன்றைக்கே பத்திரங்களைச் சரிசெய்து வைப்போம்.